மூன்றாம் நாள் கூட்டம் இல்லை

ரப்பர் மரத்தில் தேன் பூவில் ஊறுவதில்லை. இலைக்காம்பின் நுனியில், மூன்று இலைகள் பிரியும் இடத்தில் ஊறும். மாசியில் தளிர் முற்றிப் பச்சையாகும் சில வாரங்கள்தான் அதற்குக் காலம். நடுவில் மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். அந்த வருடம் மழை இல்லை. பாறசாலைக்குக் கிழக்கே, விமலகுமாரியின் ரப்பர் விளையில் வைத்திருந்த சுவாமிதாஸின் நாற்பது தேன்பெட்டிகளும் கனத்துக் கிடந்தன.

அவர் பெட்டியைத் திறந்து, தேங்காய்நார்ப் புகையை ஊதி, மேல்தட்டிலிருந்து சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்தார். அவர் மனைவி நேசம் ஒட்டியிருந்த ஈக்களை உதறிவிட்டுச் சட்டங்களைக் கொசுவலை கட்டிய மறைப்புக்குள் கொண்டுபோனாள். அங்கே கத்தியால் மெழுகு மூடியைச் சீவி, தேனைச் சுழற்றிப் பிரிக்கும் டிரம்முக்குள் நிறுத்தினாள். டிரம்மின் கைப்பிடியைச் சுற்றுவது விமலகுமாரி. அது அவள் வேலை அல்ல. ஆனாலும் தேனெடுக்கும் நாளில் குளித்து, நெற்றியில் சந்தனம் வைத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

"அண்ணா, இது எனக்க மரத்துக்க தேனாக்கும். இந்தத் தடவ ரெண்டு குப்பி கூடுதல் தரணும்."

"மரம் ஒனக்கு. ஈச்ச எனக்கு. ஈச்சகிட்டப் போய்க் கேளு."

"கேட்டேன். மூக்கில கொத்திச்சு."

"அப்பம் பதிலு கிட்டியாச்சுல்லா."

நேசம் சிரித்தாள். டிரம்மின் சுவரில் தேன் மழைத்தூறல் போலத் தெறிக்கும் சத்தம் கேட்டது. வெயில் மரங்களுக்குள் இன்னும் இறங்கவில்லை.

பத்து மணிக்கு ரெஜிலா ஸ்கூட்டரில் வந்தாள். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவள். திருமணமாகி, சுவாமிதாஸும் நேசமும் போகும் சபைக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. சபை தொடங்கி ஐம்பது வருடம் ஆவதால் ஒரு புத்தகம் போடுகிறார்கள். அதைத் தயார்செய்யும் பொறுப்பு அவளுடையது. ஒவ்வொரு விசுவாசியின் பெயருக்கும் பக்கத்தில் அவர் இரட்சிக்கப்பட்ட தேதி, எந்த வசனத்தினால் என்பது, ஒரு போட்டோ.

அவர்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை இயேசுவின் நினைவாகப் பிட்கும் அப்பத்தில் பங்கெடுக்க வேண்டுமானால் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்திருக்க வேண்டும். ஞானஸ்நானத்துக்கு முன் மூன்று மூப்பர்கள் பெஞ்சில் உட்கார்ந்து கேட்பார்கள். எந்த நாள் இரட்சிக்கப்பட்டாய்? எந்த வசனம்? பிறந்தவனுக்குப் பிறந்தநாள் உண்டு. மறுபடி பிறந்தவனுக்கும் ஒரு நாள் இருந்தாக வேண்டும். நாள் சொல்லத் தெரியாதவர்களை அன்பாகத் திருப்பி அனுப்புவார்கள்.

"மாமி, ஒரு சின்ன சந்தேகம்," என்றாள் ரெஜிலா, வலைக்கு வெளியே நின்றபடி. "ஒங்க தேதி ஏப்ரல் பதினொண்ணு, தொண்ணூற்றிரெண்டு இல்லியா? பொழியூர்ல, கடப்புறத்துப் பந்தல்ல, மூணாம் நாள்."

"சனிக்கிழமையாக்கும்," என்று சுவாமிதாஸ் பெட்டிக்குப் பக்கத்திலிருந்து சொன்னார். "சாயங்காலம். யோவான் அஞ்சாம் அதிகாரம். எங்கிட்டக் கேளு, நான் சொல்லுதேன்."

"அண்ணு பிரசங்கம் பண்ணின சுவிசேஷகருக்க டைரியெல்லாம் அவருக்க மக்கள் நமக்குத் தந்தாவ. பழைய படம் வல்லதும் கிட்டுமாண்ணு பார்த்தேன். இதக் கண்டேன்." அவள் போனை வலையோடு ஒட்டிப் பிடித்தாள்.

நேசத்தின் கண்ணாடி வீட்டில் இருந்தது. ரெஜிலாவே வாசித்தாள். ஒன்பது, வியாழன், பொழியூர், முதல் நாள், எண்பது பேர். பத்து, வெள்ளி, இரண்டாம் நாள், நூறுக்கு மேல். பதினொன்று, சனி. அதிகாலையில் காற்றில்லாமல் கடல் ஏறிற்று. பந்தல், விரிப்பு, ஆர்மோனியம் எல்லாம் போயிற்று. மூன்றாம் நாள் கூட்டம் இல்லை.

விமலகுமாரி சுற்றுவதை நிறுத்தியிருந்தாள். டிரம் தானாகச் சுற்றி மெதுவாக நின்றது.

"வெள்ளிக்கிழமையாயிருக்கும் மாமி. ஒரு நாள் மாறிப்போச்சு, அவ்வளவுதான். பத்துண்ணு மாத்திப் போடட்டா?"

நேசம் கையிலிருந்த கத்தியைப் பார்த்தாள். மெழுகும் தேனும் ஒட்டியிருந்தன. ஆம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அதற்குள் சுவாமிதாஸ் முகமூடி வலையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"எதுக்கு மாத்தணும்? அவளுக்குத் தெற்றாது. டைரிதான் தெற்று. ஊரு ஊராப் போற மனுசன், பிறவு இருந்து எழுதியிருப்பாரு. நான் நாளைக்கே பொழியூருக்குப் போறேன். அண்ணு உள்ளவங்க ஆராவது இருப்பாவ. சாட்சி கொண்டு வாறேன்."

"அண்ணா, ஒரு நாளுக்காகவா அவ்வளவு தூரம்?" என்றாள் விமலகுமாரி.

"ஒனக்கு அறியாது விமலே. அது சும்ம நாளு இல்ல. அவளுக்க பிறந்த நாளு."

ரெஜிலா சங்கடத்தோடு போனைப் பைக்குள் வைத்தாள். "நான் வேற ஒண்ணும் நினைச்சுக் கேக்கல்ல மாமி."

"எனக்கறியாதா மக்கா," என்றாள் நேசம்.

மத்தியானம் வரை பதினெட்டுப் பெட்டி முடிந்தது. அவள் ஒரு ஈயைக்கூட நசுக்கவில்லை. கை தன் பாட்டுக்கு வேலை செய்தது.

மறுநாள் காலை ஏழரை பஸ்ஸில் சுவாமிதாஸ் போனார். வெள்ளைச் சட்டை, கையில் குடை. போகும்போது, "கெழங்கு வச்சிரு. மீன் நான் கொண்டு வாறேன். பொழியூர் மீனாக்கும்," என்றார். பஸ்ஸில் ஏறும்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

வீடு காலியானது. மகன் அனூப் குடும்பத்தோடு எர்ணாகுளத்தில் இருக்கிறான். நேசம் மரச்சீனிக்கிழங்கைத் தோலுரித்தாள். போகவிட்டிருக்கக் கூடாது என்று நினைத்தாள். ராத்திரி முழுவதும் சொல்ல வாயெடுத்து, சொல்லாமலே விடிந்துவிட்டது.

அவள் அதியன்னூர்க்காரி. பிறந்து நாற்பதாம் நாள் மிஷன் கோயிலில் ஞானஸ்நானம் ஆனது. அப்பா இறந்தபின் அம்மா இந்தச் சபைக்கு வந்தாள். கூடவே அவளும். சுவாமிதாஸின் சம்பந்தம் பேச்சுக்கு வந்தபோது அவளுக்கு இருபத்துமூன்று வயது. சபை ஐக்கியத்தில் இல்லாத பெண்ணை அவர் கட்டமாட்டார். மூப்பர்கள் கேட்டபோது அவள் உண்மையைத்தான் சொன்னாள். ஓர்மை வைத்த நாள் முதல் இயேசுவை விசுவாசிக்கிறேன். அவர்கள் தலையாட்டினார்கள். அது போதாது தங்கச்சி, நாள் வேணும் என்றார்கள். இரண்டாம் முறையும் அதே பதில், அதே தலையாட்டல். அவர்கள் கடுமையாகப் பேசவில்லை. அவள்தான் வீட்டுக்கு வந்து, தன்னிடம் இல்லாததை எங்கே தேடுவது என்று தெரியாமல் அழுதாள்.

மூன்றாம் முறை அவள் பொழியூரில் சித்தி வீட்டுக்குப் போய்த் திரும்பியிருந்தாள். முதல் இரண்டு நாள் கூட்டம் கேட்டாள். சனிக்கிழமை விடியுமுன் முதல் பஸ்ஸில் திரும்பினாள். நோட்டீசில் நான்கு நாள் போட்டிருந்தது. வியாழனும் வெள்ளியும் தனக்குள் ஒன்றும் நடக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். அந்த நாட்களைச் சொல்ல மனம் வரவில்லை. தான் அங்கே இல்லாத நாளைச் சொல்வது ஏனோ சிறிய பொய்யாகத் தோன்றியது. மூன்றாம் நாள், சனிக்கிழமை என்றாள். மூப்பர்கள் கண் கலங்கினார்கள்.

மே மாதம் நெய்யாற்றில் ஞானஸ்நானம். கரையில் புடவையைப் பிழிந்துகொண்டிருந்தபோது சித்தி சொன்னாள். "பிள்ளே, நீ போன அண்ணு காலத்தே கடலேறி அந்தப் பந்தலு போச்சு கேட்டியா. பாவம், பிறவு கூட்டமே நடக்கல்ல." ஆற்றுத்தண்ணீர் அவள் தலைமுடியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. சித்தி செத்து பதினோரு வருடம் ஆகிறது. வேறு யாருக்கும் தெரியாது.

பெண்கள் கூட்டத்தில் சாட்சி சொல்லச் சொல்வார்கள். சொல்லிச் சொல்லி அந்தப் பந்தல் அவளுக்கே கண்ணில் தெரிய ஆரம்பித்தது. பெட்ரோமாக்ஸ் விளக்கு, மணலில் விரித்த பாய். வீட்டுக்கு வந்ததும் பயம் வரும். நாள் பொய்யென்றால், அந்த நாளில் கிடைத்ததாகச் சொன்னதும் பொய்தானே? அப்பத்தை வாங்கும்போதெல்லாம் கை நடுங்கும். சுவாமிதாஸ் அதைப் பக்தி என்று நினைத்தார். சாவு வீடுகளில் அவர் தைரியம் சொல்லி, "நம்ம ரெண்டுபேருக்கும் பேடிக்கண்டாம் நேசம். அங்க போய்க் காணலாம்," என்பார். அவர் அங்கே இருப்பார், தான் இருக்கமாட்டோம் என்று அவள் முப்பத்திரண்டு வருடமாக நினைத்தாள். அதை யாரிடமும் சொல்ல முடியாது.

பதினொரு மணிக்கு விமலகுமாரி வேலிப்பக்கம் வந்தாள்.

"அண்ணன் போயாச்சா?"

"போயாச்சு."

"நல்ல கூத்தாக்கும். எங்களுக்குக் கல்யாணத்துக்கு ஜாதகம் பாக்கத்தான் பிறந்த நேரம் கேப்பாவ. நீங்க செத்து மேல போறதுக்கும் கேக்குதியளே!"

நேசம் சிரிக்க முயன்றாள். முடியவில்லை. விமலகுமாரி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னவாக்கும் அக்கா?" என்றாள்.

"ஒண்ணும் இல்ல. கெழங்கு நாரு இருக்கு."

நாலரை மணிக்கு சுவாமிதாஸ் வந்தார். செருப்பில் மணல். பையில் அயிலை மீன். தொப்பென்று முற்றத்தில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரை முழுக்கக் குடித்தார்.

"நேசம், கடலேறினது உள்ளதாக்கும். ஒரு வயசான ஆளு, அவருக்க வள்ளம் அண்ணு போயிருக்கு. தேதி ஓர்ம வச்சிருக்காரு. அந்தப் பந்தல் நிண்ண இடமே இப்பம் கடலுக்க உள்ள. கையை நீட்டிக் காட்டினாரு. நான் பார்த்தேன். வெள்ளம்தான் கெடக்கு."

அவள் மீனை வாங்கிக்கொள்ளவில்லை. நின்றாள்.

"போட்டும். ரெஜிலா சொன்னதுதான் செரி. ஒனக்கு வெள்ளிக்கிழமையாயிருக்கும். நம்ம வெள்ளிண்ணு போடலாம். இத்தன வருசம் ஒரு நாள் தள்ளிப் பழம்பொரி தின்னுட்டோம்," என்று சிரித்தார். ஒவ்வொரு ஏப்ரல் பதினொன்றும் அவர் பாறசாலை ஸ்டேஷன் பக்கத்துக் கடையிலிருந்து, ஏத்தம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி வாங்கி வருவார். இண்ணு ஒனக்கு இத்தன வயசு என்று சொல்லிக் கையில் கொடுப்பார்.

"வெள்ளியும் இல்ல," என்றாள் நேசம்.

"பின்ன?"

"ஒரு நாளும் இல்ல. நான் சும்ம சொன்னேன். மூணு தடவ கேட்டாவ. நாள் இல்லாட்டி எடுக்கமாட்டாவண்ணு அம்ம அழுதா. அப்பம் சொன்னேன்."

அவர் புரியாமல் பார்த்தார். பிறகு புரிந்தது. முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்த ஆள் சொல்லாமல் இறங்கிப்போனதுபோல ஒரு திகைப்பு.

"பந்தல்ல அண்ணு நீ இல்லியா?"

"இல்ல. சனிக்கிழம காலத்தே முதல் பஸ்ல வந்துட்டேன்."

"அழுதேன், முட்டுகுத்தினேன், கனமெல்லாம் இறங்கிப்போச்சுண்ணு எல்லாரும் கேக்கச் சொன்னியே. நான் எத்தன பேருகிட்டச் சொல்லியிருக்கேன்."

"அறியும்."

"பழம்பொரி வாங்கிக்கொண்டு வருவேனே. நீ எங்ஙன தின்னே?"

"தின்னேன். தொண்டையில நிக்கும். வெள்ளம் குடிச்சு இறக்குவேன்."

அவர் வெகுநேரம் செருப்பு மணலைத் தட்டிக்கொண்டிருந்தார். "எனக்கு எண்பத்தாறு நவம்பர் ரெண்டு. ஞாயிறு. சாயங்காலம் ஆறரை. ரோட்டுமுக்கில கூட்டம். எனக்க எடக்கையில சாராயக்குப்பி. அதக் கீழ போட்ட எடம்கூட எனக்குத் தெரியும். அதுக்கு முன்ன நான் ஒரு ஆளு, பிறவு வேற ஆளு. ஒனக்கு அப்படி ஒண்ணும் இல்லியா?"

"எனக்கு முன்னே ஒண்ணு இல்லியே. நான் எப்பம் குடிச்சேன்?"

"களியாக்காத."

"களியாக்கல்ல. உள்ளதச் சொல்லுதேன். எங்கிருந்து திரும்பினேண்ணு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல்ல."

"அப்பம் நான் ஆரக் கெட்டினேன் நேசம்?"

அவள் மீனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்று கிழங்கும் மீன்கறியும் இருந்தன. இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். அவர் வீட்டு வாசல்படியில் இருந்து, அவள் அடுக்களையில் இருந்து.

அதன்பின் நான்கு நாள் அவர் பேசவில்லை. மீதிப் பெட்டிகளில் தேனெடுத்தார்கள். அந்த வேலைக்குப் பேச்சு வேண்டியதில்லை. அவர் சட்டத்தை நீட்டுவார், அவள் வாங்குவாள். ஒரு பெட்டியில் ராணி ஈ செத்திருந்தது. அந்தக் கூட்டின் சத்தமே வேறு. ஓயாத ஒரு முனகல். முன்பானால், கேட்டியா, ராணி இல்ல என்று அவளைக் கூப்பிட்டுக் காட்டுவார். இப்போது மூடியை வைத்துவிட்டு அடுத்த பெட்டிக்கு நகர்ந்தார். விமலகுமாரியும் ஏதோ தெரிந்தவள்போல வாயைத் திறக்காமல் டிரம்மைச் சுற்றினாள்.

சாயங்கால ஜெபம்தான் கொடுமை. திருமணமான நாள் முதல் இருவரும் ஒரே பாயில் முட்டுகுத்துவார்கள். இப்போது அவர் முன்னறையில் தனியாக, சத்தமில்லாமல் ஜெபித்தார். இரட்சிக்கப்படாதவளோடு சேர்ந்து ஜெபிக்கலாமா என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் கெட்ட மனிதர் அல்ல. தெரியாததைச் செய்யமாட்டார், அவ்வளவுதான். நேசம் அடுக்களையில், அரிசிப்பானைக்குப் பக்கத்தில் முட்டுகுத்தினாள். வாய் பழகிய சொற்களைச் சொன்னது. பிதாவே என்று தொடங்கியதும், அப்படிக் கூப்பிட எனக்கு உரிமை உண்டா என்ற கேள்வி வந்து நின்றது. எழுந்து அடுப்பைப் பார்த்தாள். மறுபடி முட்டுகுத்தினாள்.

திங்கட்கிழமை அவளே ரெஜிலாவுக்குப் போன் செய்தாள். "மக்கா, எனக்க பேருக்க நேரே ஒண்ணும் எழுதண்டாம். எனக்கு நாள் இல்ல. மூப்பர்கிட்ட நீ சொல்லு. எனக்குச் சொல்ல வாய் வராது." மறுமுனையில், அவளுக்குப் பின்னால் பள்ளிக்கூட மணி அடித்தது. "மாமி, நான் அந்த டைரியை வாசிக்காம இருந்திருக்கலாம்," என்றாள் ரெஜிலா.

செவ்வாய்க்கிழமை காலை மூப்பர் ராஜதாஸ் வந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். கூட மனைவி புஷ்பபாய். சுவாமிதாஸ் நாற்காலி எடுத்துப் போட்டார். நேசம் சாயா கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள். புஷ்பபாய் அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"சகோதரி, நாங்க குற்றம் சொல்ல வரல்ல," என்றார் ராஜதாஸ். "அண்ணு சொன்னது பொய். அதை நீங்களாட்டு ஏத்துச் சொல்லியாச்சு. அதுக்கே எவ்வளவு தைரியம் வேணும்! நாங்க கர்த்தருக்கு ஸ்தோத்திரம் பண்ணினோம்."

"ஆமா அக்கா," என்றாள் புஷ்பபாய். "நான் அழுதுட்டேன்."

"இனி காரியம் எளுப்பமாக்கும். இண்ணு, இந்த இடத்தில, முட்டுகுத்தி அவரை ஏத்துக்கொள்ளுங்க. இண்ணு தேதி. ஞானஸ்நானம் அடுத்த மாசம் ஆத்தில வச்சுக்கொள்ளலாம். புத்தகம் பிரஸ்சுக்குப் போகல்ல. இண்ணைய தேதியைப் போடலாம். புத்தகத்திலயே இளைய பிள்ள நீங்களாட்டு இருப்பிய."

புஷ்பபாய் சிரித்தாள். சுவாமிதாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஐந்து நாளில் முதல்தடவையாக அவர் நேசத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. சொல்லிவிடு, பாயை விரிக்கிறேன் என்பதுபோல.

அவளுக்கும் வேண்டியது அதுதான். முப்பத்திரண்டு வருடமாக வேண்டியது. தேதி போட்ட ஒரு உறுதி. அவள் முட்டுகுத்தினாள். மற்றவர்களும் முட்டுகுத்தினார்கள். தரை குளிர்ந்திருந்தது. வெளியே யாரோ ஸ்கூட்டரை மிதித்து மிதித்து ஸ்டார்ட் செய்துகொண்டிருந்தார்கள்.

"சொல்லுங்க சகோதரி. ஆண்டவரே, இதுவரை நான் உம்மை அறியாதவளாயிருந்தேன். அங்கிருந்து ஆரம்பியுங்க."

அவள் வாயைத் திறந்தாள். இதுவரை உம்மை அறியாதவளாயிருந்தேன். அறியாமல் இருந்த ஒரு நாளை மனதில் எடுத்துக்கொண்டு அதைச் சொல்லலாம் என்று தேடினாள். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் பாம்பைக் கண்டு ஓடிய நாள். அப்பாவைப் பெட்டியில் வைத்து மூடிய நாள். அந்தப் பொய்யைச் சொன்ன நாள். அன்று பெஞ்சின் முன்னிருந்து வீட்டுக்கு நடந்துவந்த வழியெல்லாம், மன்னியும் மன்னியும் என்று அவள் ஒருவரிடம்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். நாள் நாளாக எடுத்துப் பார்த்தாள். காலியான ஒன்று கிடைக்கவில்லை.

"சொல்லுங்க."

"சொல்ல வரல்ல."

"பேடிக்கண்டாம் அக்கா," என்றாள் புஷ்பபாய்.

"பேடி இல்ல. அது உள்ளதில்லியே." நேசம் எழுந்திருக்காமல், கண்ணைத் திறந்து, அவர்களைப் பார்த்துச் சொன்னாள். "எனக்க மூத்தவன் எட்டு மாசத்தில போனான். இவங்களுக்குத் தெரியும். இவங்க மருந்து வாங்க வெளிய போயிருந்தாவ. ஆசுபத்திரி வராந்தாவில பிள்ளைய மடியில வச்சு நான் தனியாட்டு இருந்தேன். சூடு போகப்போக நான் பேசிக்கொண்டே இருந்தேன். இவனக் கையில எடும், இவனக் கையில எடும்ணு. அண்ணு அவரை அறியாதவளாட்டு இருந்தேண்ணா, நான் ஆருகிட்டப் பேசினேன்? எனக்க பிள்ளைய ஆருகிட்டக் குடுத்தேன்?"

சுவாமிதாஸ் முட்டுகுத்தியபடியே தலையைக் குனிந்துகொண்டார்.

ராஜதாஸ் மெதுவாகத்தான் கேட்டார். "துக்கத்தில எல்லாரும் தெய்வத்த விளிப்பாவ சகோதரி. அது விசுவாசமா, பழக்கமா? பழக்கத்தில இருந்துட்டு நித்தியத்தக் களஞ்சவங்க உண்டு. எனக்க அண்ணனே அப்படித்தான் போனான். அதனாலயாக்கும் நான் கேக்குதேன்."

அவர் குரல் உடைந்தது. அவருக்கும் அது உயிர்க்காரியம் என்று நேசத்துக்குத் தெரிந்தது.

"பழக்கமாண்ணு எனக்குச் சொல்லத் தெரியல்ல அண்ணா. பொய் எதுண்ணு மட்டும் தெரியும். ஒரு பொய்யச் சொல்லி முப்பத்திரெண்டு வருசம் அதைத் தின்னேன். அதுக்க ருசி எனக்குத் தெரியும். இப்பம் இண்ணுண்ணு சொல்ல வாயத் தொறந்தா அதே ருசி வருது. நேத்து வரைக்கும் அவரு எங்கூட இல்லண்ணு நான் எழுதிக் குடுக்க மாட்டேன். ஒரு தடவ நான் எனக்காகப் பொய் சொன்னேன். இது அவரப் பத்தின பொய்யாக்கும்."

சொல்லி முடித்ததும் அவள் காத்திருந்தாள். எப்போதும் வரும் அந்தப் பயம் வருவதற்காக. ஈ கொட்டிய பின் எரிச்சலுக்காகக் காத்திருப்பதுபோல. வரவில்லை. தரையில் ஊன்றியிருந்த கையைப் பார்த்தாள். நடுங்கவில்லை. நான் அவருடையவள் என்று ஒரு வார்த்தை மனதில் இருந்தது. அதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. சுவர்க்கடிகாரத்தில் பத்தேகால்.

"அப்பம் அப்பத்தில பங்கு தர எங்களுக்கு முடியாது," என்றார் ராஜதாஸ், எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டே. "வருத்தமாக்கும். ஆனா முறை அப்படி. பின்பெஞ்சில இருந்து ஆராதிக்கலாம். நாங்க ஜெபிப்போம்."

"செரி அண்ணா. சாயா ஆறிப்போச்சு. வேற போட்டுத் தாறேன்."

வேண்டாம் என்றுவிட்டுப் போனார்கள். சுவாமிதாஸ் வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. தேன் டிரம்மைக் கழுவப் போனார். கழுவி முடித்த டிரம்மை மறுபடியும் கழுவும் சத்தம் கேட்டது. அன்று சாயங்காலமும் பாய் முன்னறையில்தான் விரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்துதான் சபைக்கு நடந்தார்கள். கூடத்துக்குள் அவர் இடப்பக்கம் ஆண்கள் வரிசைக்குப் போனார். நேசம் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பெண்கள் பக்கத்தில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தாள். அது ஞானஸ்நானம் எடுக்காத பிள்ளைகளும், யாராவது விருந்தாளி வந்தால் அவர்களும் இருக்கும் இடம். அன்று பிள்ளைகள் மாடியில் ஓய்வுநாள் பள்ளிக்குப் போயிருந்தார்கள். பெஞ்சு முழுவதும் அவள் ஒருத்திதான். முன்வரிசைத் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்த்து, அவள் பார்ப்பதைக் கண்டதும் திரும்பிக்கொண்டன. முப்பத்திரண்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள்.

பாட்டு தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று. பாடினாள். அப்பத்தட்டு வரிசை வரிசையாகப் பின்னால் வந்தது. கடைசியாக ரெஜிலாவின் கைக்கு வந்தது. ரெஜிலா பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, தட்டோடு ஒரு கணம் அப்படியே இருந்தாள். திரும்பினால் நேசம் ஒரு கை தூரத்தில் இருக்கிறாள். ராஜதாஸ் முன்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நேசம் மெதுவாகத் தலையை அசைத்தாள், கொண்டு போ மக்கா என்று. ரெஜிலா எழுந்து தட்டை முன்னால் கொண்டுபோனாள். அவள் தோள் குலுங்குவது தெரிந்தது.

நேசத்துக்குப் பசிப்பதுபோல இருந்தது. அழுகை வரவில்லை. காலியாக இருந்த பெஞ்சில் இரண்டு பக்கமும் கையை ஊன்றி உட்கார்ந்து, மற்றவர்கள் அப்பத்தை மென்று விழுங்கும் அந்த அமைதியை முழுக்கக் கேட்டாள்.

முடிந்து வெளியே வந்தபோது யாரும் அவளிடம் நின்று பேசவில்லை. விரோதத்தால் அல்ல. என்ன பேசுவதென்று தெரியவில்லை. புஷ்பபாய் மட்டும் தூரத்தில் நின்று கையை ஆட்டினாள்.

திரும்பும் வழியில் சுவாமிதாஸ் பத்தடி முன்னால் நடந்தார். ரப்பர் விளை தொடங்கும் வளைவில் நின்றார். அவள் வந்து சேரும்வரை நின்றார்.

"ஒன்ன அங்க பின்னால பார்த்தேன்," என்றார். "நான் தட்ட வாங்கினப்பம் எனக்கு எறங்கல்ல."

அவள் முக்காட்டைத் தோளில் இறக்கிவிட்டாள்.

"மூத்தவன் போன அண்ணு நீ பேசிக்கொண்டு இருந்தேண்ணு எங்கிட்ட ஒருநாளும் சொன்னதில்ல."

"நீங்க கேக்கல்ல."

"நேசம், ஒனக்குப் பேடி இல்லியா? சத்தியம் சொல்லு. நாளைக்குக் கண்ணடச்சா?"

"முன்ன இருந்துது. எப்பமும் இருந்துது. இப்பம் இல்ல."

அவர் முகம் மாறியது. ஓரடி நெருங்கி வந்தார். "எண்ணு முதலு இல்ல?"

அவளுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால், அந்தக் குளிர்ந்த தரையில். மாசி இருபத்தெட்டா இருபத்தொன்பதா என்று காலண்டரைப் பார்த்தால் தெரிந்துவிடும். இப்போது சொன்னால் அவர் இப்படியே திரும்பி ராஜதாஸின் வீட்டுக்கு ஓடுவார். சாயங்காலம் ஒரே பாய் விரியும். அடுத்த மாதம் ஆற்றில் ஞானஸ்நானம். அதன்பின் முன்வரிசை. அவர் கண்ணில் அத்தனையும் தெரிந்தது. அவள் அறுபத்திரண்டு வயதான அந்த முகத்தை, அதன் மேல் அவளுக்கிருந்த எல்லா அன்போடும் பார்த்தாள்.

அது பயம் போன நாள். ஆண்டவர் வந்த நாள் அல்ல.

"அத மட்டும் கேக்கண்டாம்," என்றாள்.

அவர் வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தார். அவள் பின்னால் நடந்தாள். இடையில் அதே பத்தடி.